செம்மண் குழியில் ஒரு மடிப்பு

சுனாமி வந்துபோன மறு வருஷம் சித்தி மகள் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். சித்தியைக் கடல் கொண்டுபோயிருந்தது, சித்தப்பா கல்ஃபில். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, பத்து. அவளுக்காக நானும் சில நாள் அழுதேன். பிறகு அம்மா மீன் குழம்பின் தலைத்துண்டை அவள் தட்டில் வைக்கத் தொடங்கினாள். அதுவரை அது என்னுடையது. அன்றோடு என் அழுகை நின்றது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்மண் தேரி. அந்த மணல்மேட்டில் குழி தோண்ட ஓர் ஆராய்ச்சிக்கார அக்காவும் நான்கு ஆட்களும் வந்தார்கள். பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால், பனியுகத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிக் கிடந்தபோது காற்று வாரிக் குவித்த மணலாம் அது. அந்தக் காலத்தில் பூமி ஆடியிருந்தால் அடிமண்ணில் அடையாளம் இருக்குமாம். பூமி ஆடித்தான் கடல் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்ததால் ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது.

மூன்றாம் நாள் சித்தி மகள்தான் அதைக் கண்டாள்.

“அக்கா, இந்த வரி மட்டும் சுருங்கிக் கெடக்கு, பாருங்க.”

குழியின் சுவரில் மண் வரி வரியாக நேராக ஓட, அடியில் ஒன்று மட்டும் கசங்கிய படுக்கைவிரிப்புபோல மடிந்திருந்தது. ஆராய்ச்சிக்கார அக்கா குழிக்குள் குதித்தேவிட்டார். ஈரமண் குலுங்கினால் இப்படித்தான் மடியும் என்றார். கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அந்த வரியை அவளுக்கு முன்பே நான் பார்த்திருந்தேன். சொல்லத் தோன்றாதது என் குற்றமா?

வெயில் சாய்ந்ததும் படம் எடுக்கலாம் என்று அவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு இறங்கி அந்த மடிப்பைச் சுரண்டித் தள்ளினேன். நிமிர்ந்தால், மேலே சித்தி மகள் நின்றுகொண்டிருந்தாள்.

எல்லோரும் திரும்பி வந்தபோது அம்மாவும் வந்தாள். முதலில் பார்த்தது என் கையைத்தான்.

“ஏட்டி, நீயா செய்த?”

“நான்தான் பெரியம்மா” என்றாள் அவள். “ஏறும்போ கால் வழுக்கிட்டு.”

அம்மா பதறிப்போய் அவள் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். பழியை ஏற்றுக்கொண்டதில்கூட அவளுக்கே லாபம்!

ஆராய்ச்சிக்கார அக்கா கோபப்படவில்லை. சுவரை ஒரு சாண் உள்ளே செதுக்கச் சொன்னார். அதே மடிப்பு அங்கேயும் இருந்தது. எனக்கு அழுகை முட்டியது. சித்தி மகளும் சிரிக்கவில்லை; மடிப்பைத் தொட்டுக் கேட்டாள்.

“இதுக்குப் பொறவு ஆடவே இல்லியா?”

“இந்தக் குழியில பார்த்தவரைக்கும், இதுக்கு மேல எல்லா வரியும் நேராத்தான் இருக்கு.”

“அப்போ இனி ஆடாதா?”

அவர் கேமராவைத் துடைக்கத் தொடங்கினார்.

அவள் குழிக்குள்ளேயே உட்கார்ந்து, மடிப்புக்கு மேலே நேராக ஓடிய வரிகளை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. பூமி ஆடாமல் கிடந்த காலத்தைத்தான் அவள் எண்ணுகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை பாராட்டு வாங்கப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். விட்டுவிடுவேனா? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதை உதறிவிட்டு, அவளைவிடச் சத்தமாக எண்ணத் தொடங்கினேன்.