முக்திநாத்துக்குப் போகும் போன்கள்

"பை அப்புறம் தர்றேன். முதல்ல போனைக் கொடுங்க."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை நீட்டியபடி நிற்கிறாள் பொன்னுத்தாய். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற யாத்திரை ஆபீஸ் அது. பேர் கொடுத்தவர்கள் எல்லோரும் மஞ்சள் பையை வாங்கிப் போகலாம் என்று வந்து நிற்கிறார்கள். அவள் பையைத் தொட விடமாட்டாள். போனை வாங்கி, நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, பெருவிரலால் தள்ளித் தள்ளி ஒரு இடத்தில் போய் நிற்பாள். அங்கே இருக்கிற சின்னப் பொத்தான் எரிந்துகொண்டிருந்தால் அவள் மூஞ்சி மாறிவிடும்.

"இதை யாரு போட்டு வச்சது, உங்க மவனா? இதோட எல்லை தாண்டுனீங்கன்னா போன் பாட்டுக்கு மடியில கெடக்கும், காசு பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். ரோமிங்குங்கிறது சும்மா இல்லீங்க."

பொத்தானை அணைத்து, போன் முதுகில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அதில் நம்பர் போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அங்கே எழுதியிருக்கிற இங்கிலீஷில் ஒரு எழுத்தும் அவளுக்குத் தெரியாது. எந்தக் கம்பெனி போனில் எத்தனாவது வரி என்பது தெரியும். அது போதும் அவளுக்கு.

இவளுக்குப் போன் பார்க்கிற வேலை யாரும் கொடுக்கவில்லை. இவள் சமையல்காரி. திருவானைக்காவலில் வீடு, வயசு ஐம்பத்திரண்டு. காசி, அயோத்தி, முக்திநாத் என்று ஆட்களை அழைத்துப் போகிற பீமராவிடம் பதினோரு வருஷமாக அடுப்படி. முப்பது பேருக்கு உலை வைத்தாளானால் யாருக்கும் குறையாது, குப்பையிலும் கொட்டாது. யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்குப் பல் கிடையாது என்பதெல்லாம் ரெண்டாம் நாளே அவளுக்கு மனப்பாடம். முக்திநாத்தில் எல்லோரும் நூற்றெட்டுத் தண்ணீர்த் தாரையிலும் நனைந்து, பல் கிட்டிக்க வெளியே வருவார்கள். அத்தனை பேருக்கும் சுக்குக் காப்பி கொடுத்து முடித்த பிறகுதான், கடைசி ஆளாகப் போய்ப் பெருமாளைக் கும்பிடுவாள். அதற்குள் திரை போட்டுவிட்டால், திரையைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். அதற்கெல்லாம் அவளுக்குக் கோபம் வராது.

அவளுக்குக் கோபம் வருகிற இடம் வேறே.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு முக்திநாத் ஒரு வெளிநாட்டில் இருக்கிறது என்பதே மனசில் ஏறாது. "நூத்தெட்டுத் திருப்பதியில ஒண்ணுங்க அது. பாஸ்போர்ட் கேக்கல, விசா கேக்கல, நம்ம ரூபாயே செல்லுது. அது எப்படி வெளிநாடாகும்?" என்பார்கள். பெருமாளுக்கு எல்லை கிடையாதுதான். டவருக்கு இருக்கிறது. கோரக்பூர் தாண்டி, சோனாலியில் நேபாளத்து வரவேற்பு வளைவுக்குள்ளே பஸ் நுழைந்து கொஞ்ச தூரம் போனால், நம் ஊர் சிம் மூச்சை விட்டுவிடும். ஒருத்தர் போனை உதறுவார். ஒருத்தர் ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். ஒருத்தர் அணைத்து அணைத்துப் போடுவார்.

மூன்று வருஷத்துக்கு முந்தி, ஜீயபுரத்திலிருந்து நல்லுசாமி என்று ஒருத்தர் வந்தார். வாழைத் தோட்டக்காரர். பெஞ்சாதிக்கு மூட்டுவலி, மலை ஏறமாட்டாள் என்று தனியாக வந்தார். "நான் ஏற்பாட்டோடதான் வந்திருக்கேன் தாயி" என்று போனைத் தட்டிக் காட்டினார். புறப்பட்ட அன்றைக்குக் காலையிலேயே கடையில் சொல்லி வெளிநாட்டு ரீசார்ஜ் பேக் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஏழு நாள் பேக். யாத்திரையோ பதினாறு நாள். ரயிலில் போனது, காசி, அயோத்தி எல்லாம் முடித்து எல்லையைத் தொடும்போது எட்டாம் நாள். போட்ட நிமிஷத்திலிருந்தே நாள் ஓட ஆரம்பித்துவிடும் என்பதை அந்தக் கடைக்காரனும் சொல்லவில்லை, கம்பெனிக்காரனும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடவில்லை. காசு கட்டின மனுஷன் வெறும் போனோடு நேபாளத்துக்குள் போனார். ஓட்டலில் வைஃபை இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அவர் வீட்டில் இருந்தது பட்டன் போன்.

ஊரில் அவர் பெஞ்சாதி நெஞ்சுவலியில் போய்விட்டாள். சொந்தக்காரர்கள் நல்லுசாமிக்குப் போன் அடித்தார்கள். நோட்டீஸில் நம்பர் பார்த்துப் பீமராவுக்கும் அடித்தார்கள். அவர் போனும் சட்டைப்பையில் செத்துத்தான் கிடந்தது.

ஐந்து நாள் கழித்துத் திரும்பி வரும்போது பஸ் எல்லை வளைவைத் தாண்டியது. முப்பது போனும் ஒரே நேரத்தில் கூவின. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நல்லுசாமி போனில் மட்டும் நாற்பத்தொரு தவறிய அழைப்பு. திருப்பி அடித்துக் கேட்டார். ஐஸ் பெட்டியில் ரெண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணன் மகனைக் கொண்டு கொள்ளி வைத்து, எல்லாம் ஆகிவிட்டது என்றார்கள். பொன்னுத்தாய்க்கு அவர் பக்கத்து சீட். அவர் அழவில்லை. "பால் தெளிகூட முடிஞ்சிருச்சாம் தாயி" என்றார்.

முன் சீட்டிலிருந்து பீமராவ் திரும்பி, "எல்லாம் பகவத் சங்கல்பம்" என்றார்.

இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் பொன்னுத்தாய் கையில் இருக்கிற கரண்டியை டங்கென்று வைப்பாள். "சங்கல்பமாம்ல. அரை மணி நேரம் பஸ்ஸ நிறுத்தி ஒரு சிம் வாங்கத் துப்பில்ல, தூக்கிப் பெருமாள் தலையில போட்டாரு. அவரா வந்து டவரைப் புடுங்குனாரு? திருப்பிக் கேக்காம நிக்கிறவருன்னா எல்லாப் பழியும் அவருக்கா?"

ஊர் வந்து சேர்ந்த மறுநாளே சிங்காரத்தோப்பில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அன்வரிடம் போய் நின்றாள்.

"தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது. கோவப்பட மட்டும்தான் தெரியும். அந்த ஊருல போன் பேசணும்னா என்ன வழி, குறைஞ்ச காசுல, ஒண்ணுவிடாம சொல்லு."

"உக்காருங்கக்கா. கோவத்தைக் கொஞ்சம் வெளிய வச்சிட்டு வந்து உக்காருங்க" என்றான் அன்வர்.

அவன் சொன்னதை அவள் பாடம் படிக்கிற மாதிரி படித்தாள். நம் ஊர் கம்பெனியின் பேக் போடுவதானால், நாள் எப்போதிலிருந்து ஓடும் என்று முதலில் கேட்கணும். ஆளுக்கு மூவாயிரம் வரைக்கும் இழுத்துவிடும். எல்லை தாண்டி அந்த ஊர் சிம்மே வாங்கினால் ஐந்நூறுக்குள் முடியும். ஆதாரை நம்பிப் போகாமல் வாக்காளர் அட்டை நகலும் ரெண்டு போட்டோவும் கையில் இருக்கணும். நாலு பேருக்கு ஒரு சிம் போதும், ஒரு போனிலிருந்து மற்ற மூன்றுக்கும் நெட் விட்டுக்கொள்ளலாம். "முக்கியமா ஒண்ணுக்கா. புது சிம் போட்டதும், 'நம்பரை மாத்தவா'ன்னு வாட்ஸப் கேக்கும். மாத்தவே கூடாது. மாத்தாம விட்டாத்தான் வீட்டுல உள்ளவங்க பழைய நம்பருக்கே உங்களைக் கூப்பிட முடியும்."

படித்து என்ன? பீமராவ் பஸ்ஸை நிறுத்தினால்தானே. அடுத்த ரெண்டு வருஷமும் பஸ்ஸுக்கு நேபாளத்து அனுமதிச் சீட்டு வாங்க டிரைவர் இறங்குகிற பத்து நிமிஷத்துக்குள் ஓடிப்போய்த் தனக்கு மட்டும் ஒரு சிம் வாங்கினாள். முப்பது பேரும் அந்த ஒரு போனில் மாற்றி மாற்றிப் பேசினார்கள். மலையில் ஜீப்புகளில் பிரித்து ஏற்றிவிட்டால், அவள் ஏறாத ஜீப்புக்கு அதுவும் கிடையாது.

இந்த வருஷம் ரெங்கநாயகியம்மா பேர் கொடுத்தாள். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் வீடு. வீட்டுக்காரர் காசிநாதன், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாகப் படுக்கை. பேச்சு போய்விட்டது. யார் ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். ரெங்கநாயகியின் குரல் காதில் விழுந்தால்தான் திறப்பார். "சேர்ந்து போகணும்னு முப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருந்தாரு. இப்ப அவருக்கும் சேர்த்து நானே சேவிச்சுட்டு வந்துடுறேன். ஆனா ஒரு நாளைக்கு மூணு வேளை என் குரல் அவருக்குக் கேக்கணும் பொன்னுத்தாயி. கேக்காதுன்னா இப்பவே சொல்லிடு, நான் வரல" என்றாள்.

பொன்னுத்தாய் அவளைக் கையோடு அன்வர் கடைக்கு இழுத்துப் போனாள். அன்வர் ரெங்கநாயகி போனிலிருந்து சிம்மைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தன் போனின் நெட்டை விட்டு, வாட்ஸப்பில் வீட்டைக் கூப்பிடச் சொன்னான். வீட்டில் காசிநாதனைப் பார்த்துக்கொள்கிற பாக்கியமேரி எடுத்தாள். அவள் கையில் ரசஞ்சாதக் கிண்ணம்.

"ஏங்க, நான்தான். வாயைத் திறங்க."

ஸ்பூன் கிண்ணத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு பாக்கியமேரி, "தொறந்துட்டாரும்மா" என்றாள். ரெங்கநாயகி சிம் இல்லாத அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் ஆபீஸில் சண்டை.

"ஓட்டல்ல ஃப்ரீயா வைஃபை இருக்குன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கேன். இதுக்குமேல என்ன வேணுமாம்?" என்றார் பீமராவ்.

"ஜோம்சம் ரோட்டுல மண்ணு சரிஞ்சு ஆறு மணி நேரம் நின்னோமே, அந்தப் பாறையிலயும் வைஃபை மாட்டியிருக்கீங்களா ராயரே?"

"ரெங்கநாயகியம்மா புள்ளையே அமெரிக்காவுலேர்ந்து வைஃபை போதும்னுட்டான்."

"அவரு அங்கேர்ந்து சோறு ஊட்டுவாரா?"

"பஸ்ஸ நிறுத்த முடியாது, பொன்னுத்தாயி. இருட்டறதுக்குள்ள பாதி மலையாவது ஏறியாகணும். ஒருத்தருக்காக முப்பது பேரைக் காக்க வைக்கச் சொல்றியா?"

"அன்னிக்கும் ஒருத்தருதாங்க."

பீமராவ் நோட்டீஸ் கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தார். "நான் சொன்னது சொன்னதுதான்."

"சரிங்க ராயரே" என்றாள் அவள். பதினோரு வருஷத்தில் அவள் இப்படி உடனே சரி சொன்னதே கிடையாது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

புறப்பட்ட எட்டாம் நாள் காலை பத்தரைக்குப் பஸ் வளைவைத் தாண்டி நின்றது. டிரைவர் சீட்டு வாங்க இறங்கினான். பொன்னுத்தாயும் இறங்கினாள். பின்பக்கக் கதவைத் திறந்து, மத்தியானத்துக்கு என்று கட்டி வைத்திருந்த புளியோதரை அண்டாவை இறக்கினாள். ஒரு மரத்து நிழலில் பாயை விரித்தாள். டிரைவர் சீட்டோடு திரும்பி வந்தபோது முப்பது பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

பீமராவ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "மணி பதினொண்ணுகூட ஆகல. யார் சொல்லி இங்க பரிமாறினே?"

"புளிசாதம் வெயில்ல ஊசிப்போயிரும் ராயரே. நீங்க வேணா எழுப்பி ஏத்துங்க."

இலை முன்னால் உட்கார்ந்தவர்களை எழுப்பினால் ஸ்ரீரங்கத்தில் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். பீமராவ் டிரைவரையும் போய்ச் சாப்பிடச் சொன்னார்.

பத்தடியில் ஒரு குடையின் கீழே சிம் விற்கிற கடை. நாலு பேருக்கு ஒன்று என்று எட்டு சிம்முக்கு எட்டுக் காகிதம், போட்டோ குத்தி, பொன்னுத்தாய் கையில் தயாராக இருந்தது. முதல் காகிதம் ரெங்கநாயகியுடையது. கடைக்காரப் பையன் கைரேகை வாங்கி, சிம்மைப் போட்டு, இவர்களுக்குப் புரியாத பாஷையில் என்னவோ சொல்லி ஆகாசத்தைக் காட்டினான். இரண்டு நிமிஷம். நாலு நிமிஷம். பிறகு ஒவ்வொரு கோடாக டவர் ஏறியது. வாட்ஸப் அதன் கேள்வியைக் கேட்டது. ரெங்கநாயகியின் விரல் அவசரமாகப் போனது.

பொன்னுத்தாய் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். "அதைத் தொடாதீங்க. பக்கத்துல உள்ளதை அமுக்குங்க."

மணி அடித்தது. பதினோரு மணிக் கஞ்சியை ஆற வைத்துக்கொண்டு பாக்கியமேரி காத்திருந்தாள். படம் உறைந்து நின்றுவிட்டது. குரல் மட்டும் போயிற்று.

"ஏங்க, நான்தான். எல்லை தாண்டிட்டேன். வாயைத் திறங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ரெண்டு ஸ்பூன் உள்ள போயிருச்சும்மா. பேசிக்கிட்டே இருங்க" என்றாள் பாக்கியமேரி. ரெங்கநாயகி பேசிக்கொண்டே இருந்தாள். கோரக்பூரில் குளிர்ந்த தண்ணீரில் குளித்ததையும், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்ததையும், கண்ணைத் துடைக்காமலே சொல்லிக்கொண்டு போனாள்.

அப்போது பீமராவ் கடைப்பக்கம் வந்தார். கையில் அவருடைய வாக்காளர் அட்டை நகலும் போட்டோவும் இருந்தன. சத்தத்தைத் தணித்துக்கொண்டு, "வீட்டுலேர்ந்து போன் வரும். அப்படியே எனக்கும் ஒண்ணு போட்டுடேன் பொன்னுத்தாயி, நாழியாறது" என்றார்.

பொன்னுத்தாய் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். போட்டோவைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். மீதி இருந்த ஏழு காகிதத்தையும் ஓரம் சேரும்படி மேஜையில் தட்டி அடுக்கி, அவருடையதை எல்லாவற்றுக்கும் அடியில் செருகினாள்.