துணைக்கு வந்தவருக்கும் பாஸ்

பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்த பிறகுதான் நான் துப்பறியும் கதைகளுக்கு அடிமையானேன். எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒரு பெண்மணி. அவருடைய புதுப் புத்தகம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் சமையல் கணவர் கையால்தான். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து அவர் வெங்காயம் அரிவார். நான் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசிப்பேன். அவராக ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

போன வருஷம் சென்னையில் துப்பறியும் கதை ரசிகர்களுக்காக ஒரு விழா நடந்தது. உள்ளே போக ஒரு டிக்கெட். எழுத்தாளரோடு இரண்டு நிமிஷம் பேசி, போட்டோ எடுத்துக்கொள்ளத் தனி பாஸ். அது டிக்கெட்டைவிடப் பல மடங்கு. "ஓவர்டைம் பார்த்தது இன்னாத்துக்கு? வா போலாம்" என்று என்னை லோக்கல் ரயிலில் ஏற்றினார்.

வாசலில் இருந்த பெண், "சாருக்கும் பாஸ் வாங்கணும் மேடம்" என்றாள்.

"அவர் ரசிகர் இல்லம்மா. என்னைத் தள்ளிட்டு வர்றவர்."

"கூட வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உள்ள போனதும் அவங்களும் போட்டோ எடுத்துக்கறாங்க."

"இவருக்கு ஒரு கதையும் தெரியாது. கேட்டுப் பாரேன்."

அவளும் விளையாட்டாக, "கடைசிப் புத்தகத்துல கொலைகாரன் யாரு சார்?" என்றாள்.

நான் கண்ணைக் காட்டுவதற்குள், "கம்பவுண்டர்! ஆனா டாக்டர்தான்னு கடைசி வரைக்கும் நம்மள சுத்தவுட்டுக்கினே இருப்பாங்க. இன்னா மூளை!" என்று முகம் மலரச் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது பாஸையும் வாங்கினோம்.

எழுத்தாளர் மேடையில் இருந்தார். ஏறப் படிகள் மட்டும்தான், சாய்தளம் இல்லை. என் முறை வந்ததும் நாற்காலியோடு என்னைத் தூக்க ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆசையாகப் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்த நாளில் மூட்டை மாதிரி போக மனம் வரவில்லை. வேண்டாம் என்றேன்.

"அப்போ புத்தகத்தைக் கொடுங்க, கையெழுத்து வாங்கித் தர்றோம்" என்றார் விழாக்காரர்.

"போட்டோ?"

"போட்டோ எடுக்கற பேனர் மேடையிலதானே இருக்கு மேடம்."

என் கணவர், "எங்கிட்டயும் பாஸ் கீதுல்ல" என்று படியேறினார். பக்கத்தில் மைக் இருந்ததால் அவர் பேசியது அரங்கத்துக்கே கேட்டது. "மேடம், என்னோட ரெண்டு நிமிஷத்தை கீழ வந்து எங்க ஊட்டுக்காரிகிட்ட பேசிடுங்களேன். படிக்கிறது அவதான். நான் வெங்காயம் அரியறவன்."

எழுத்தாளர் சிரித்தபடி இறங்கி வந்து, கடைசிப் படியில் எனக்கு நேராக உட்கார்ந்தார். யோசித்து வைத்திருந்த கேள்விகளெல்லாம் மறந்துபோய், "கம்பவுண்டர் மேல எனக்கு முதல்லயே சந்தேகம்" என்று உளறினேன்.

"பொய்யி மேடம்" என்றார் கணவர். "டாக்டரைத்தான் திட்டிக்கினு இருந்தா."

எழுத்தாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பிறகு அவர் மேடை ஏறவே இல்லை. தன் நாற்காலியைக் கீழேயே போடச் சொன்னார். எனக்குப் பின்னால் ஊன்றுகோலோடு நின்ற பெரியவரும் படியேறாமல் அவரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து விழாக்காரர்களுக்கு விவரமாக எழுதினேன். இந்த வருஷம் சாய்தளம் உண்டாம். உதவிக்கு வருகிறவருக்குக் கட்டணம் கிடையாதாம். என் கணவருக்குத்தான் குறை. பாஸ் இல்லாவிட்டால் மேடத்தோடு எப்படிப் பேசுவது என்று கேட்கிறார்.