ஈரம் ஆகாத அறை

தூத்துக்குடியில் பேட்டரி செல் செய்கிறேன் என்று சொன்னால், விவரம் தெரிந்தவர்களுக்கு முதலில் வருவது சிரிப்புதான். உப்புக்காற்றில் இரும்புக் கேட்டு நாலு மழைக்குத் தாங்காத ஊர் இது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துவிட்டு ஒரு போன் பேசி வருவதற்குள் நமத்துப்போகும். செல்லுக்கோ ஈரம் ஆகவே ஆகாது. அதனால் முத்தையாபுரத்தைத் தாண்டி, முன்பு பஞ்சுக் குடோனாக இருந்த ஒரு கட்டடத்துக்குள், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் எந்திரங்களை வைத்து ஓர் அறை கட்டியிருந்தோம். பலகையில் உலர் அறை என்று எழுதியிருக்கும். நாங்கள் டிரை ரூம் என்போம். உள்ளே கொஞ்ச நேரம் நின்றால் உதடு வெடிக்கும், கண் எரியும். என் உடம்பில் இருந்த மிச்சத் தெம்பையும் அந்த அறைதான் உறிஞ்சியது என்று நினைக்கிறேன்.

நாங்கள் செய்தது சோடியம் செல். லித்தியத்துக்குப் பதில் சோடியம். இரண்டு பக்கத் தகடும் அலுமினியம், செம்பே வேண்டாம். ஊரில் அதற்கு உப்பு பேட்டரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "உப்பு நம்ம ஊருச் சரக்குல்லா, பொறவு என்ன பயம்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட எனக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். உப்பளத்து உப்பை அள்ளிப் போட்டால் செல் ஆகிவிடாது என்று விளக்குகிற பொறுமை எனக்கு எப்போதோ போய்விட்டது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தச் செல்லில் என்னுடையது என்று சொல்ல ஒன்றுதான் உண்டு. நேர்முனைத் தகட்டில் பூசுகிற கறுப்புப் பொடி ஈரக்காற்று பட்டால் கெட்டுப்போகும். அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய உறையாகப் படிகிற ஒரு பூச்சை நான் கண்டுபிடித்திருந்தேன். அது சரியாக வேலை செய்தால் தகடு செய்கிற வேலையை இவ்வளவு உலர்ந்த அறைக்குள் செய்ய வேண்டியதில்லை. கடற்கரை ஊரில் ஒரு சின்ன முதலாளிகூடச் செல் செய்யலாம். என்னோடு படித்த பெண்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். நான் அந்தப் பூச்சைக் கட்டிக்கொண்டு அழுதேன். இதே மாவட்டத்தில், நாசரேத்தில் அப்பாவும் அம்மாவும் வாத்தியார் வேலை பார்த்துக் கட்டிய வீடு, அவர்கள் போன பிறகு பூட்டிக் கிடக்கிறது. கிறிஸ்மஸுக்குப் போய் ஒட்டடை அடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

முதலாளி இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்து மேலே வந்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான். வாங்கி விற்றே காலம் போய்விட்டது, ஒரு பொருளையாவது நாமே செய்து பார்ப்போம் என்று ஆசைப்பட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். ஆசை நல்ல ஆசைதான். செல்தான் வீங்கியது.

எங்கள் செல் ஒரு வெள்ளி நிறப் பை. உள்ளே தகடுகளை அடுக்கி, மருந்து என்று நாங்கள் சொல்லும் திரவத்தை ஊற்றி, காற்றை இழுத்துவிட்டு மூட வேண்டும். மூடிய பைகளைச் சில நாள் அலமாரியில் வைத்துப் பார்ப்போம். நல்ல செல் தட்டையாகவே கிடக்கும். கெட்டது உள்ளே வாயு சேர்ந்து பூரி மாதிரி எழும்பும். இரண்டு மூன்று வாரம் தினமும் ஊற்றி மூடுகிற பைகளைச் சேர்த்து ஒரு லாட் என்போம். முதல் லாட் வீங்கியபோது ஈரம் உறிஞ்சும் எந்திரத்தின் குழாயில் ஓர் ஓட்டை இருந்தது தெரிந்தது. அதை அடைத்தோம். அதற்குப் பிறகும் வீங்கியது. எல்லாப் பையும் வீங்கியிருந்தால்கூட ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். ஒரே லாட்டில் சில பைகள் தட்டையாகவும் சில பைகள் எழும்பியும் கிடந்தன. லாட்டுக்கு லாட் எழும்புவது கூடிக்கொண்டே வந்தது.

கடல்காற்றைச் சந்தேகப்பட்டோம். மருந்தைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் எல்லா விரலும் என் பூச்சின் மேல்தான் நீண்டது, என் விரலும் சேர்த்து. பூச்சின் பக்குவத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனோ என்று பழைய பக்குவத்துக்கே திரும்பி வந்தேன். சோறு இறங்கவில்லை. பேசினால் எரிந்து விழுந்தேன். பிறகு பேசுவதையும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அண்ணாச்சி அலமாரிப் பக்கம் வந்து நின்றார். வீங்கிய பை ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிடாதீக மேடம். இன்னும் ஒரு லாட்டு பாப்போம். இதும் வீங்குச்சுன்னா இந்த ரூம நிப்பாட்டிருவோம். அங்கன ஹார்பர்ல வெளிநாட்டுச் செல்லு வந்து எறங்குது. வாங்கிப் பெட்டியில அடுக்கி வித்துட்டுப் போயிருவோம். எனக்கும் வயசாகுதுல்லா."

அறையை நிறுத்தினால் மருந்து ஊற்றுகிற மேசை போகும். மேசையோடு அதில் இருக்கும் பெண்களின் வேலை போகும். என் பூச்சும் அன்றோடு முடிந்தது. இதெல்லாம் தெரிந்தும் எனக்குக் கோபம் வரவில்லை. சரி, முடியட்டும் என்று மனதின் ஒரு மூலையில் நிம்மதிகூட வந்தது. அவ்வளவு களைத்திருந்தேன்.

அந்தக் கடைசி லாட்டுக்குத் தகடுகள் தயாராகி, மருந்து ஊற்றத் தொடங்க வேண்டிய காலை. வெள்ளிக்கிழமை. எஞ்சினியர்கள் உடை மாற்றும் அறையின் பூட்டு திறக்க மாட்டேன் என்றது. கடல்காற்று தின்ற பூட்டு. திறப்பதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கப் பிடிக்காமல், தொழிலாளப் பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் போனேன். அத்தனை நாளில் அதற்குள் அந்த நேரத்தில் நான் போனதே இல்லை.

மேசைப் பெண்கள் வரிசையாக நின்று வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் நீளமான, அடர்ந்த கூந்தல். எல்லாம் ஈரம். நுனியில் முடிச்சுப் போட்டு, சுருட்டி, குல்லாவுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் முதுகில் ஜாக்கெட் நனைந்து ஒட்டியிருந்தது. தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

நான் அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மேசைக்கு மூத்தவர் ஒரு பெண். இறால் கம்பெனியிலிருந்து வந்தவர், கை நடுங்காமல் மருந்து ஊற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன மேடம், மயக்கமா வருதா?"

"இது என்ன, எல்லாரும் தலைக்குக் குளிச்சிருக்கீங்க?"

"வெள்ளிக்கெழமைல்லா மேடம்."

எங்கள் வீட்டில் தலைக்குக் குளிப்பது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போக வேண்டுமே. வெள்ளிக்கிழமைப் பழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை, ஊர் முழுக்கப் பார்த்து வளர்ந்ததுதான். ஆனால் நம் வீட்டில் இல்லாதது நம் கணக்கிலும் வருவதில்லை. முன்பெல்லாம் வேலை முடிந்து போய் மாலையில் குளிப்பார்களாம். இப்போது விடியும் முன்பே குளித்து, அம்மன் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு முதல் பஸ் பிடித்து வருகிறார்கள். காய நேரம் ஏது?

"இப்ப ஏன் காலையில?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் குல்லாவைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "ஒரு வேண்டுதலு மேடம், வெள்ளிக்கெழம வெரதம். மொத லாட்டு வீங்குச்சுல்லா, அன்னைக்கு நேந்துக்கிட்டேன். பொறவு ஒவ்வொருத்தியா, நானும் வாரேன் நானும் வாரேன்னு சேந்துக்கிட்டாளுக."

நான் வெளியே வந்து அலமாரிக்குப் போனேன். பையின் ஓரத்தில் மூடிய தேதி அடித்திருக்கும். இத்தனை நாளும் நாங்கள் தேதியைத்தான் பார்த்தோம், கிழமையை யாரும் பார்க்கவில்லை. குழாய் ஓட்டையை அடைத்த பிறகு வீங்கியதெல்லாம் வெள்ளிக்கிழமை மூடியவை. ஈரத்தை அளக்கும் கருவி அறையின் மூலையில், சுவரில் உயரத்தில் இருந்தது. அந்தப் பெண்களோ திறந்த பைகளுக்கு மேலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். குல்லாத் துணி எவ்வளவு ஈரத்தைத் தடுக்கும்? என் பூச்சு பொடியைக் காப்பாற்றும். ஊற்றுகிற மருந்துக்குள்ளேயே ஈரம் போனால் அது என்ன செய்ய முடியும்? செல் நன்றாக வர வேண்டும் என்று ஒருத்தி விரதத்தில் சேர, ஈரத்தலை ஒன்று கூட, அடுத்த லாட்டில் இன்னும் சில பைகள் எழும்ப, அதைப் பார்த்துப் பயந்து இன்னொருத்தி சேர்ந்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். தலைதான் வலித்தது. அறைக்குள் என்னென்ன ஆகாது என்று எந்திரம் விற்ற வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த விதிகளைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டியது நான்தான். வியர்வையோடு வரக் கூடாது, ஈரத்துணி ஆகாது, தலைமுடி குல்லாவுக்குள் இருக்க வேண்டும். முடி காய்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதவில்லை. அவர்கள் ஊரில் வெள்ளிக்கிழமை வெறும் வெள்ளிக்கிழமைதானே.

திரும்பப் போய் மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது கொடுமையான செய்தி. அவர் கை தானாகக் குல்லாவுக்குப் போனது.

"அப்ப நாங்களா மேடம் கெடுத்தோம்?"

"தெரியாம நடந்தது. விதி எழுதின எனக்கே தெரியலையே."

"வெரதத்தப் பாதியில விடக் கூடாது மேடம். குத்தமாயிரும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"விட வேண்டாம். வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குக் குளிச்ச யாரும் டிரை ரூமுக்குள்ள வராதீங்க. வெளியில அலமாரி வேலையப் பாருங்க. ஊத்துறத நான் பாத்துக்கிடுதேன்."

அன்றைக்கு மருந்து ஊற்றுவதை நிறுத்திவைத்திருக்கலாம். ஆனால் அண்ணாச்சியிடம் இன்னொரு நாள் கேட்க எனக்கு வாயில்லை. காரணத்தையும் அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஈரம் வந்த வழி தெரிந்துவிட்டது, அடைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். பெண்களின் தலைமுடி என்று சொன்னால், அப்படியானால் பெண்களே வேண்டாம் என்று அவருக்கு எடுத்துக்கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள்.

மேசையில் என்னோடு உட்கார ஒரே ஒருத்தி மிஞ்சினாள். கடற்கரைக் கிராமமான பெரியதாழையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண், அன்று எனக்கு முன்பே அங்கி மாட்டி உள்ளே போயிருந்தவள். அவளும் வேண்டுதலில் இருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எங்களுக்குத் தலைக்கு ஊத்துறது இல்ல மேடம். மாதா கோயில்ல மெழுகுதிரிதான்" என்றாள். மெழுகுதிரியால் செல்லுக்குக் கெடுதல் இல்லை என்று எழுதித் தரத் தயாராக இருந்தேன்.

பூச்சைக் கண்டுபிடித்த கை ஒரு பைக்குள் ஒழுங்காக மருந்து ஊற்றத் தெரியாத கை. சிந்தினேன். பையின் வாயைக் கோணலாக மூடினேன். அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், ஒங்க கைக்குத் தனியா ஒரு திரி ஏத்தணும் போல" என்றாள் கடைசியில். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குச் சிரித்தேன்.

மற்ற நாள்களில் காய்ந்த தலையோடு பெண்கள் உள்ளே ஊற்றினார்கள். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் தடுமாறினோம். லாட் முடிந்து அலமாரிக்குப் போனது. தினமும் காலையில் ஒவ்வொரு பையையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். எழும்பவில்லை. நான் கோணலாக மூடியவைகூடத் தட்டையாகக் கிடந்தன. நம்ப மனம் வரவில்லை, பயந்துகொண்டே இருந்தேன். அண்ணாச்சி வந்தார். அவரும் விரலால் அழுத்திப் பார்த்தார். அலமாரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டு, "சரி, ரூம ஓட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. மூத்தவர் வெளியே வெயிலில், வேப்பமர நிழலைத் தள்ளி நின்று கூந்தலை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தார். அலமாரி வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் செய்தியைச் சொன்னேன்.

"அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்று கும்பிட்டார். என் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் அது சொல்லிக்காட்டும் நேரமாகத் தோன்றவில்லை.

"உங்க வேண்டுதல் பலிச்சிட்டு. இனி உங்க வேலைக்கு ஒண்ணும் வராது" என்றேன்.

அவர் கூந்தலைக் கோதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேலைக்கா? எங்களுக்கு என்ன மேடம். இத மூடுனா இறால் கம்பெனி இருக்கு, உப்பளம் இருக்கு. கையும் காலும் இருக்கு. நாங்க நேந்துக்கிட்டது ஒங்களுக்குல்லா. சாப்பாடும் இல்லாம, பேச்சும் இல்லாம நீங்க அலைஞ்சதப் பாக்க முடியல. இந்த ரூம மூடிட்டா நீங்க எங்க போவீக?"

நாசரேத்தில் வீடு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பூட்டிய கதவும் ஒட்டடையும் நினைவுக்கு வந்தன. அழுதுவிட்டேன், அவர் முன்னாலேயே, சின்னப் பிள்ளை மாதிரி. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அது ஈரமாக இருந்தது.

உள்ளே மேசையில் அடுத்த லாட்டைத் தொடங்கப் பெரியதாழைப் பெண் தனியாகக் காத்திருந்தாள். நான் போக வேண்டும். ஆனால் வாசலில் ஒட்டியிருக்கும் விதிகளின் கீழே நானே புதிதாகச் சேர்த்து எழுதியது கண்ணில் பட்டது, எதுவானாலும் காய்ந்த பிறகே உள்ளே என்று. வெயிலில் அவர் பக்கத்திலேயே நின்றேன். முகம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே போனேன்.