குணேஸ்வரியின் தெற்குக் கூரை

குணேஸ்வரி அக்காவின் வீட்டுக்கு மூன்று வருடமாக நாங்கள் எல்லோரும் பின்பக்கத்தால்தான் போய்வந்தோம். பக்கத்து ஒழுங்கையால் சுற்றி, குப்பைத் தொட்டிகள் நாலையும் கடந்து, தோட்டத்துச் சேற்றில் காலில் போட்ட சப்பாத்தைக் கெடுத்துக்கொண்டு குசினிக் கதவைத் தட்ட வேண்டும். வீதிப் பக்கம் நல்ல கனமான மரக் கதவு ஒன்று, பித்தளைக் கைபிடியோடு, பூட்டியபடியே கிடந்தது. காரணம், அது தெற்குப் பார்த்த கதவு. தெற்கு யமனுடைய திசை. ஜெர்மனியில் இத்தனை லட்சம் வீடு இருக்க, கெல்சென்கிர்ச்சனில் இந்த ஒரு வீட்டு விலாசம் மட்டும் யமனுக்குத் தெரியும் என்று எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை.

நான் ரஞ்சினி. அக்காவோடு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தவள். அவரைப்பற்றி ஊரார் கதைத்தபோது நானும் சேர்ந்து கதைத்திருக்கிறேன். அதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்கா அந்த வீட்டை வாங்கியது 1998இல். பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பாதி வீடு. மறுபாதியில் ஒரு ஜெர்மன் கிழவி. அக்காவுக்கு முன்னால் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் வந்து பார்த்தன. இரண்டும் வாசலில் நின்று திசை பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அக்கா உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயையும் நிலவறையில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, சரி என்று சொன்னார். சலவைத் துணி மடித்து மடித்துச் சேர்த்த காசு. யாரிடமும் திசை கேட்கவில்லை.

வாங்கி மூன்று வருடத்தில், 2001 மார்கழியில், அவருடைய கணவர் குமாரசாமி அண்ணை இரும்புத் தொழிற்சாலைப் படியில் உறைபனியில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். விழுந்தது தொழிற்சாலைப் படியில். வீட்டுப் படியில் இல்லை. ஆனால் எங்கள் சனம் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. டோர்ட்மண்டிலிருந்து குமாரசாமி அண்ணையின் தமையன் விமலநாதன் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் ஓரத்தில் இருந்து, ஆறுதல் சொல்வதற்குப் பதிலாகத் தீர்ப்புச் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னனான். தெற்கு வாசல் ஆம்பிளைக்கு ஆகாது. அந்தக் கதவைப் பூட்டுங்கோ."

விமலநாதன் அண்ணை சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. 1985இல் இவர்கள் இரண்டு பேரையும் ஜெர்மனிக்கு எடுப்பித்தவர் அவர்தான். குமாரசாமி அண்ணை படுக்கையில் கிடந்தபடி மனைவியின் கையைப் பிடித்து, கதவைப் பூட்டச் சொல்லிக் கேட்டார். அந்தக் கிடையைப் பார்த்துத்தான் அக்கா பூட்டினார். நம்பிப் பூட்டவில்லை.

அதற்குப் பிறகு குமாரசாமி அண்ணை வேலைக்குப் போகவில்லை. பொல்லோடு குசினிக்கும் கூடத்துக்கும் இடையில் நடந்தார். 2004 சித்திரையில் விமலநாதன் அண்ணை அடுத்த தீர்ப்போடு வந்தார். வீட்டை வருட முடிவுக்குள் விற்றுவிட வேண்டும். தன் வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு நல்ல இடம் பார்த்துவைத்திருக்கிறார். வாங்குவதற்கும் ஆள் இருக்கிறது. குமாரசாமி அண்ணை தலையாட்டினார்.

அடுத்த நாள் வேலையில் அக்கா படுக்கை விரிப்புகளை மடித்த வேகத்தைப் பார்த்து நான் தள்ளியே நின்றேன். "என்ரை வீட்டை ஆர் விக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அதைக்கூட என்னிடம் கேட்கவில்லை, விரிப்பிடம்தான் கேட்டார்.

எங்களோடு வேலை செய்த ஜெர்மன்காரி ஒருத்தி அந்தக் கிழமை முழுக்கத் தன் கூரையில் சூரியத் தகடு போட்ட கதையையே சொல்லிக்கொண்டிருந்தாள். கூரையில் உண்டாகும் மின்சாரத்தை மின்சாரக் கொம்பனி வாங்கியே ஆக வேண்டும், அதுவும் இருபது வருடத்துக்கு ஒரே விலையில் என்று சட்டம் இருக்கிறதாம். இருபது வருடம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா மடிப்பதை நிறுத்தினார். அந்தச் சனிக்கிழமையே பேனாட்டைக் கூப்பிட்டார்.

பேனாட் குருநகர்ப் பக்கத்து, தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரப் பொடியன். பொடியன் என்றால் முப்பத்தைந்து வயது. இங்கேயே மின்சார வேலை படித்து, இப்போது கூரை கூரையாக ஏறித் திரிகிறான். எங்கள் வாஸ்து, யமன், திசை ஒன்றும் அவனுக்குப் பொருட்டில்லை. அவன் ஒழுங்கையால் சுற்றி வரவுமில்லை. வீதியில் வானை நிறுத்தி, முன்படியில் நின்று, பூட்டிய கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திசைகாட்டியை எடுத்தான். அக்கா, குமாரசாமி அண்ணை, நான் மூன்று பேரும் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு திசைகாட்டி அந்த வாசலுக்கு வந்தால் அதற்குப் பின்னால் ஒரு கெட்ட செய்தி வரும் என்பது எங்கள் அனுபவம்.

பேனாட் கூரையை அண்ணாந்து பார்த்தான். மறுபடி திசைகாட்டியைப் பார்த்தான்.

"அக்கா, இந்த வருசம் நான் பாத்த கூரையளுக்குள்ளை இதுதான் திறம். நேர் தெற்கு. மரமும் மறைக்கேல்லை. சரிவும் சரியா இருக்கு."

"தெற்கு எண்டால் நல்லதோ?" என்று குமாரசாமி அண்ணை யன்னலுக்குள்ளால் கேட்டார்.

"பின்னை? நாள் முழுக்க வெயில் உந்தப் பக்கத்தாலைதானே அண்ணை போகுது. எல்லாச் சனமும் தெற்குத்தானே தேடுது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டரை வருடம் அந்தத் தோட்டத்துச் சேற்றில் நடந்தவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் குணேஸ்வரி அக்கா ஒரு சொல்லுக்கு மயங்கி விழுகிற ஆள் இல்லை. பேனாட் எழுதிக் கொடுத்த கணக்கை இரண்டு கிழமை கையில் வைத்திருந்தார். இருபத்திரண்டு தகடு, இன்வேட்டர், ஏறி நிற்கச் சாரம், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து இருபதாயிரம் யூரோ. கையில் இருந்தது ஐயாயிரம். மிச்சத்துக்கு வங்கிக் கடன். வருடம் மூவாயிரம் யூனிற் மின்சாரம் வரும். யூனிற்றுக்கு ஐம்பத்தேழரைச் சதத்துக்குச் சற்றுக் குறைவு. அடுத்த தையில் தொடங்கினால் அதிலும் குறையும். அப்படிப் பார்த்தால் வருடம் ஆயிரத்து எழுநூறு சொச்சம். பன்னிரண்டு வருடத்துக்கு அது அப்படியே வங்கிக்கும் காப்புறுதிக்கும் போகும். பிறகு எட்டு வருடம் வீட்டுக்கு வரும். அதற்குள் இன்வேட்டர் ஒருமுறை பழுதாகும் என்று பேனாட் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். அதற்கு இரண்டாயிரம். போட்ட ஐயாயிரத்தையும் கழித்துப் பார்த்தால் இருபது வருட முடிவில் ஆறாயிரம் மிஞ்சும்.

நான் வகுத்துப் பார்த்தேன். "அக்கா, மாசம் இருபத்தைஞ்சு யூரோ. உதுக்கே தமையனோடை மல்லுக்கட்டப் போறீங்கள்?"

"உதுக்கில்லை ரஞ்சி. மல்லுக்கட்டு ஏற்கெனவே இருக்கு. இந்தக் காசு கையைக் கடிக்குமோ எண்டுதான் பாத்தனான். கடிக்காது. அது காணும்."

சிக்கல் கணக்கில் இல்லை. வீடு இருவர் பெயரிலும் இருந்தது. விற்பதற்கு அக்காவின் கையெழுத்து வேண்டும். வங்கிக் கடனுக்குக் குமாரசாமி அண்ணையின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் வைக்க மாட்டார், மற்றவரும் வைக்க மாட்டார். இப்படியே கோடைகாலம் போனது.

புரட்டாதி மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் குசினி மேசையில் இருந்தோம். பேனாட் வங்கிப் பத்திரங்களோடு வந்திருந்தான். தகடுகளுக்குத் தட்டுப்பாடு, இந்த மாதம் சொல்லாவிட்டால் வருட முடிவுக்குள் கூரையில் பூட்ட ஏலாது என்றான். அதை எப்படியோ கேள்விப்பட்டு விமலநாதன் அண்ணையும் வந்துவிட்டார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"இருபது வருசமாம். ஆர் இஞ்சை இருபது வருசம் இருக்கப் போறது? எங்கடை நாட்டிலை சண்டை நிண்டிருக்கு. நாளைக்கே போறதெண்டாலும் போகலாம். தம்பியின்ரை உடம்பும் உப்பிடி இருக்கு. யமன் வாசல்லை இருந்துகொண்டு இருபது வருசத்துக்குக் கணக்குப் பாக்கிறியோ பிள்ளை?"

ஒரு மனிதரை முன்னால் வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. அக்கா திறந்தார்.

"அத்தான், நீங்கள் எங்களைக் கூப்பிட்டு எடுத்தனீங்கள். அதை நான் மறக்கேல்லை. ஆனா உந்த வீட்டை நீங்கள் வாங்கித் தரேல்லை. வந்த நாளிலையிருந்து கட்டிலுக்குக் கீழை பெட்டியை வைச்சுக்கொண்டு படுத்தனான். இன்னும் அப்பிடிப் படுக்க ஏலாது. அவருக்கு யமன் வாறதெண்டால் குசினிக் கதவாலையும் வருவான். நான் விக்க மாட்டன்."

குமாரசாமி அண்ணை வங்கிப் பத்திரத்தை இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒரு வரியைத் தேடினார்.

"தம்பி, இருபது வருசம் எண்டு எழுத்திலை இருக்கோ?"

"ஓம் அண்ணை. சட்டத்திலையே இருக்கு. இந்த வருச மிச்சமும், அதுக்கு மேலை இருபது வருசமும்."

"இடையிலை போய் நீட்டிப்பு எடுக்கத் தேவையில்லையோ? முத்திரை குத்த? டெர்மின் எடுத்து வரிசையிலை நிக்க?"

பேனாட்டுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மேசையில் இருந்த எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் விளங்கியது. இந்த நாட்டில் பதினொரு வருடம் எங்களுக்குக் கிடைத்த கடதாசியின் பெயர் டுல்டுங். நீ இங்கே இருப்பதைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். பொறுத்துக்கொள்கிறார்களாம். அதுவும் மூன்று மாதத்துக்கு. வெளிநாட்டவர் அலுவலகத்தின் முன் குளிரில் வரிசையில் நின்று, முத்திரை வாங்கி வந்து, அது காய்வதற்குள் அடுத்த தவணையை நினைக்கத் தொடங்குவோம். குமாரசாமி அண்ணை ஒவ்வொரு தவணைக்கும் விடிவதற்கு முன்னமே போய் நிற்பார். ஒருமுறை மூன்று கிழமைதான் கொடுத்தார்கள்.

"ஒண்டும் தேவையில்லை அண்ணை. ஒருக்காக் கையெழுத்து வைச்சால் சரி. ஆரும் வந்து கேக்கேலாது."

"அப்ப இவங்கள் எனக்கு இருபது வருசம் தாறாங்கள்."

"ஓம்."

"பேனையைத் தா."

விமலநாதன் அண்ணை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. நாலு இடத்தில் வைக்க வேண்டிய கையெழுத்தை ஒவ்வொன்றாக, முழுப் பெயராக, ஆறுதலாக வைத்தார். அக்கா அழுதார். நானும் அழுதேன். பேனாட் எங்களைப் பார்க்காமல் பத்திரங்களை அடுக்கினான்.

கார்த்திகை கடைசியில் தகடுகள் கூரை ஏறின. சாரம் கட்டி, தகடு பூட்டி, நிலவறையில் புதிய மீற்றர் வைத்தார்கள். மறுபாதி வீட்டுக் கிழவி வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். எங்கள் சனம் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தது. அன்று பின்னேரம் அக்கா முன் கதவைத் திறந்து, பித்தளைக் கைபிடியைப் புளி போட்டு மினுக்கினார். அன்றிலிருந்து அவர் அதால்தான் போய்வந்தார். ஆனால் குமாரசாமி அண்ணை அதால் போகவில்லை. கையெழுத்து வைத்துவிட்டார், கடதாசியை நம்பினார். கால் மட்டும் பழையபடி குசினிக் கதவுக்கே போனது. வந்த சனமும் அவரைப் பார்த்துப் பின்னாலேயே வந்தது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் பேனாட்டையும் கூப்பிட்டார். நிலவறையில் இருந்த பெரிய ஃபிறீசரை மேலே தூக்குவித்தார். அதைக் குசினிக் கதவுக்குக் குறுக்கே வைக்கச் சொன்னார். மீன், றால், முருங்கைக்காய் எல்லாம் நிரம்பிய கனம். குனிந்து தூக்கியதில் என் நாரி விட்டுப்போயிற்று. குமாரசாமி அண்ணை பொல்லை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"இஞ்சை ஏன் வைக்கிறாய்?"

"இஞ்சைதான் இடம் இருக்கு" என்றார் அக்கா.

அன்று மத்தியானம் விமலநாதன் அண்ணை வந்தார். ஏன் வந்தார் என்பது பேனாட் வாயால் எனக்கு முதலே தெரியும். மார்கழியில் அவனை இரகசியமாகக் கூப்பிட்டுத் தன் கூரையைக் காட்டியிருக்கிறார். கிழக்கு வாசல் வீடு, பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு. கூரை கிழக்கும் மேற்குமாகச் சரிகிறது. ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் வரும் என்று பேனாட் சொல்லியிருக்கிறான். இப்போது எந்த வங்கி, என்ன வட்டி என்று கேட்க வந்திருக்கிறார். சிரிப்பை அடக்க எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

வழக்கம்போல் பின்னால் வந்து தட்டினார். அக்கா குசினி யன்னலைத் திறந்தார். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. விமலநாதன் அண்ணை வீதியிலேயே கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். பனிக்குக் கீழே ஒரு தகடும் தெரியவில்லை.

"இண்டைக்கு உது எவ்வளவு உழைச்சது?"

"இண்டைக்கு ஒண்டுமில்லை அத்தான். நேற்றும் இல்லை. எனக்கும் லீவு நாள் இருக்குத்தானே."

"சரி, கதவைத் திற பிள்ளை. குளிருது."

"பின்னாலை வழியில்லை அத்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா யன்னலைச் சாத்தினார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முன் கதவைத் திறக்க அவர் போகவில்லை. நான் எழும்பப் பார்த்தேன். அவர் என் தோளில் கையை வைத்து இருத்தினார்.

குமாரசாமி அண்ணை ஃபிறீசரைப் பார்த்தார். மனைவியின் முதுகைப் பார்த்தார். வெளியே தமையன் பனியில் கால் புதைத்துக்கொண்டு ஒழுங்கையால் சுற்றி நடக்கிற சத்தம் கேட்டது. முன்படிக்கு வந்துவிட்டார். மணியை அடிக்கவில்லை.

பொல்லின் சத்தம் கூடத்தைக் கடந்து போனது. பூட்டுக்குள் திறப்பு இரண்டு சுற்றுச் சுற்றியது. நான் எட்டிப் பார்த்தேன். குமாரசாமி அண்ணை கதவை அகலத் திறந்து, வாசற்படிக்கு வெளியே ஒரு காலை வைத்து நின்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் கால் அதில் பட்டது. தமையன் கீழ்ப்படியில் பழப் பையோடு நின்றார்.

"அண்ணை, இதுதான் என்ரை வீட்டு வாசல். வாறதெண்டால் இதாலை வாங்கோ."

குசினியில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பவேயில்லை. விமலநாதன் அண்ணை வாசற்படியில் இருந்த தம்பியின் காலைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார்.