கழுத்தோரத்து மை

எனக்குக் கறை என்றால் ஆகாது. சட்டையில் குழம்பு சிந்திவிட்டு என் எதிரில் வரும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அப்படிப்பட்ட நானே என் பையனின் கைக்குழந்தைத் துணிகளைத் துவைக்காமல்கூட மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டிருந்தேன். அவனுக்கு இப்போது மீசை அரும்புகிறது.

திண்டிவனத்திலிருந்து தங்கை போன் செய்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. "அக்கா, நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வூட்டுக்கு வர்றோம். பாப்பாக்கு மொதல்ல உன் புள்ள போட்ட சட்டையத்தான் போடணும். மறக்காம எடுத்துக்கினு வா" என்றாள். பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையைத்தான் போடுவோம். எங்களுக்கு அம்மா இல்லை. அவள் வேறு யாரிடம் கேட்பாள்?

மூட்டையைப் பிரித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. முன்பக்கம் நாடா கட்டும் மல் துணிச் சட்டை. மார்பில் பால் கக்கிய மஞ்சள் திட்டு, ஓரத்தில் மஞ்சள்தூள் கறை, கழுத்துக்குள் கண்மை. இதையா சம்பந்தி வீட்டில் கொண்டுபோய் நீட்டுவது?

வெதுவெதுப்பான தண்ணீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்தேன். பால் கறை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அந்தச் சந்தோஷத்தில் மஞ்சள்தூள் கறைமேல் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. எட்டிப் பார்த்த வீட்டுக்காரர், "துவைக்கிறியா, சாயம் போடுறியா?" என்றார். நான் முறைத்த முறைப்பில் உள்ளே போய்விட்டார்.

நன்றாக அலசி, எலுமிச்சம்பழம் தேய்த்து மொட்டைமாடியில் போட்டேன். விழுப்புரத்து வெயிலை நாளெல்லாம் திட்டுகிறவள் நான். அன்றைக்கு அதைக் கும்பிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை, சட்டை பளிச்சென்று இருந்தது. கழுத்தோரத்து மை மட்டும் அசையவில்லை. கட்டைவிரல் எரிய எரியத் தேய்த்தும் போகவில்லை. சனியன், உள்பக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் பஸ் நின்று நின்று நகர்ந்தபோதெல்லாம் பையைத் திறந்து சட்டையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு பெருமை.

தங்கையின் மாமியார் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது. "இன்னாம்மா, புதுசாட்டம் இருக்குதே."

"இல்லீங்க, எம்பையன் போட்டதுதாங்க. நல்லா துவைச்சி எடுத்துக்கினு வந்தேன்."

மோந்து பார்த்தார். எலுமிச்சை வாசம்தான் வந்திருக்கும். "கடையில வாங்கி ஒரு தண்ணி அலசிட்டா எனக்குத் தெரியாதா? புதுசு வேணாம்மா. இத்தினி வருஷம் கழிச்சுப் பொறந்த புள்ள."

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக இந்தச் சட்டைக்குத்தான் ஆசைப்பட்டாளாம். என் கைவரிசையே எனக்கு வினையாகிவிட்டதே என்று நொந்துகொண்டேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சட்டையை வாங்கிக் கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். மாமியார் விரலை எச்சில் தொட்டு மையைத் தேய்த்தார். போகவில்லை. முந்தானையால் அழுத்தித் தேய்த்தார். அப்போதும் போகவில்லை. "பழைய மைதான்" என்று சொல்லிச் சிரித்தார். அவரே குழந்தைக்குச் சட்டையைப் போட்டு நாடாவைக் கட்டினார்.

கை தெரியாத அளவுக்குத் தொளதொளவென்ற சட்டையில் பாப்பா பால் குடித்தது. குடித்த கையோடு, நான் பாடுபட்டு வெளுத்த அதே மார்பில் கக்கி வைத்தது. தங்கை பதறிப்போய் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியாதா?

"அக்கா, உடனே அலசிடட்டுமா?"

"இருக்கட்டும் விடு" என்றேன்.