கோழிக்கு வைத்த சத்துமா

காலில் முள் குத்திய புண் மாதக்கணக்காக ஆறவில்லை. வவுனியா ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னை நிறுத்துப் பார்த்தார்.

"உடம்பில சத்தில்லை அம்மா. இந்த மாவைக் கரைச்சுக் குடிச்சால்தான் புண் மூடும். இல்லாட்டில் கால்விரலை எடுக்க வேண்டி வரும்."

மா அடைத்த தகரப் பேணிக்குக் காசு வேண்டாமாம். டொக்டர் எழுதினால் அரசாங்கமே தருமாம்.

அதே பேணியைப் பார்மசியில் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டி விற்கிற சாமானை எனக்கு ஏன் சும்மா தர வேண்டும்? சண்டை முடிந்து முகாமில் இருந்த காலத்தில் சும்மா தந்தவர்கள் எல்லாரும் முதலில் பெயரைத்தான் எழுதினார்கள். இங்கேயும் எழுதினார்கள். வெறும் பேணியைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்தது என்றும் சொன்னார்கள். ஏனென்று கேட்க எனக்குக் கூச்சம்.

எங்கள் ஊர் பூவரசங்குளத்துக்கு வந்து மாவை மோந்து பார்த்தேன். வனிலா மணம். மணம் போட்டு எதை மறைக்கிறார்கள்? கரைத்து, முட்டையிடுவதை நிறுத்தியிருந்த பேட்டுக்கோழிக்கு வைத்தேன். அது சாகவில்லை. ஒரு நாளில் என்ன தெரியும்? இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தினமும் வைத்தேன். கோழிக்கு இறகு மினுங்கியது, திரும்பவும் முட்டையிட்டது. என் புண் அப்படியே இருந்தது.

ஊர்க் கிளினிக்கில் எனக்கு மருந்து கட்டும் நேர்ஸ் மிஸிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மாவை விக்கிறியளோ அம்மா? நிறை ஏறாட்டில் இனி எழுதமாட்டினம்."

விற்கவில்லை என்றேன். அடுத்த கிழமை அவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எங்க, எனக்கு முன்னால குடியுங்கோ பாப்பம்."

குசினி அடுப்படியில் பேணி மூடியைத் திறந்த சத்தத்துக்கு, வேலியடியில் நின்ற கோழி ஓடிவந்து என் காலைச் சுற்றிக் கத்தியது. மிஸி கோழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயோ! கோழிக்கோ வைத்தியம் பாக்கிறியள்?"

"சாகுதோ எண்டு பாத்தனான் பிள்ளை."

"அது நூறு வயசுக்கு இருக்கும். உங்கட விரல்தான் போகப் போகுது!"

இரண்டு கோப்பையில் கரைத்து ஒன்றை அவரிடம் நீட்டினேன்.

"நீங்கள் முதல் குடியுங்கோ."

"நோயாளிக்கு எழுதினதை நான் குடிக்கக் கூடாதம்மா."

"பாத்தியளே" என்றேன்.

மிஸி முறைத்தார். பிறகு கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். அவர் தொண்டை அசைவதை உற்றுப் பார்த்தேன்.

"இப்ப நீங்கள்."

"சூடு போகட்டும்" என்று கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருந்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து என் கோப்பையையே பார்த்தார். கடைசியில் அவருக்குக் கொட்டாவி வந்தது. வேறொன்றும் வரவில்லை.

குடித்தேன்.