விரதம் பிடித்துச் சவுனாவுக்குப் போனவர்

பின்லாந்துக்காரரின் நீராவிக் குளியலறையான சவுனாவைப் பற்றி, ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் இருக்கும் யசிந்தனுக்குத் தெரியாதது ஒன்றுதான்: அதன் சூடு. மற்றதையெல்லாம் நூலகத்துப் புத்தகங்களில் படித்து முடித்துவிட்டார். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில், மத்தியானச் சாப்பாட்டின்போது யாராவது 'சோனா' என்று சொல்லிவிட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திருத்துவார்.

"சோனா இல்லை, சவுனா. ஜிம்மிலை இருக்கிறது சூடாக்கின அலுமாரி. கல்லிலை தண்ணி ஊத்த எழும்புமே ஒரு ஆவி, அதுக்குப் பேர் லொய்லு. அது இல்லாட்டி சவுனாவே இல்லை."

கோடையில் ஏசி நின்றால் துடித்துப்போகும் மனிதர் இவர் என்பது மனைவி நிரூபாவுக்கு மட்டுமே தெரியும்.

வினை மாக்கஸ் வடிவில் வந்தது. கூட வேலை செய்பவன். தாய் தகப்பன் பின்லாந்து, அவன் பிறந்தது ஸ்காபரோ. அஜக்ஸ் நகரிலுள்ள தன் வீட்டின் பின்வளவில் புதிதாகச் சவுனா கட்டியிருந்தான். வெள்ளிக்கிழமை வந்து, எல்லாம் முறைப்படி இருக்கிறதா என்று யசிந்தன்தான் சொல்லவேண்டுமாம். அத்தனை பேர் முன்னிலையில் கேட்டுவிட்டான். போகாவிட்டால் சேர்த்த பெயரெல்லாம் போச்சு. போய், இடையில் எழுந்து ஓடினாலும் போச்சு.

சவுனாவுக்குள் கோயிலில் இருப்பதுபோல் இருக்கவேண்டும் என்று அவர் படித்திருந்தார். எழுதியவர் நினைத்தது தேவாலயத்தை. யசிந்தனுக்குக் கோயில் என்றால் ஒன்றுதான். காலையில் தலை முழுகி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, திருநீறு பூசி, வேட்டியோடு புறப்பட்டார். உடுப்பே இல்லாமல் இருக்கவேண்டும் என்ற இடத்தில் மட்டும் நூல்களோடு அவருக்குக் கருத்து வேறுபாடு.

"என்னப்பா, அர்ச்சனைத் தட்டும் தந்துவிடட்டோ?" என்றாள் நிரூபா.

"நீர் வாசிக்கேல்லை. உமக்கு விளங்காது."

சவுனாவுக்குள் மாக்கஸ் முதல் அகப்பைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினான். யசிந்தனுக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தன. திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. ஓடலாமென்றால் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, அசையாமல் இருந்தார்.

"சரியாக இருக்கிறதா?" என்று மாக்கஸ் மெல்லக் கேட்டான்.

யசிந்தன் ஆமென்று தலையை ஆட்டினார். அந்தக் கண்ணீரைப் பார்த்து அவனுக்கும் கண் கலங்கியது.

வெளியே வந்ததும் மாக்கஸ் சுடச்சுடப் பன்றி சொசேஜ் நீட்டினான். சவுனாவுக்குப் பிறகு சொசேஜ் என்பதையும் யசிந்தன் படித்துத்தான் இருந்தார்; விரதம் பிடித்த அவசரத்தில் மறந்துவிட்டார். வேண்டாம் என்றால் சவுனா தெரியாதவர் ஆகிவிடுவார். தின்றால் வெள்ளி விரதம் போய்விடும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "புதுச் சவுனாவில் முதல் நாள் இறைச்சி தொடக்கூடாது. பழைய முறை. உனக்குத் தெரியாதா?"

மாக்கஸ், பாதி வாய்க்குள் போயிருந்த சொசேஜை வெளியே எடுத்து வெட்கத்தோடு தட்டில் வைத்தான்.

"அம்மா எனக்கு இதெல்லாம் சொல்லித் தரவேயில்லை" என்றான்.